எதிரே வருபவருக்கு ஒரு விரல்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. என் மாமா, அம்மாவின் தம்பி, இனி நடக்காது என்று எல்லோரும் விட்டுவிட்ட வயதில் கல்யாணம் செய்தார்.

2. பெண்ணுக்கு ஊர் மட்டக்களப்பு. வந்தது அயர்லாந்திலிருந்து. அங்கே மேற்குக் கரையில், கிளேர் என்ற பகுதியில், சுற்றுலா வருபவர்களை ஒரு சிறிய வான் வண்டியில் ஏற்றி, காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் ஒருநாள் பயணங்களுக்கு ஓட்டுநரும் வழிகாட்டியும் அவர்தான்.

3. கனடாவின் மொன்றியலில், பியர்பொன்ட்ஸில் இருக்கும் மாமாவின் வீட்டில், அவர் சில வருடங்கள் வாழ்ந்தார்.

4. அந்த வருடங்கள் முழுவதும், எதிரே வந்த ஒவ்வொரு வாகனத்துக்கும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தினார்.

5. பதில் கிடைத்த பாதை ஒன்றே ஒன்று.

6. அந்தப் பதிலும் நின்றபின், ஒரு சீசனுக்கு என்று சொல்லி அயர்லாந்துக்குத் திரும்பினார். இன்னும் வரவில்லை.

மாமா போவாரா, மாட்டாரா என்பதுதான் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உள்ள கேள்வி. அதற்கு முதல் மாமியைச் சொல்ல வேண்டும்.

விரலைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மாமி இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். தூரத்தில் ஒரு வாகனம் தெரியும். அது நெருங்கும்போது வலது கையின் ஆட்காட்டி விரல் மட்டும் எழும்பும். மணிக்கட்டு அசையாது. முகத்தில் சிரிப்பு இருக்காது. வாகனம் கடந்த உடனே விரல் தன் இடத்துக்கு வந்துவிடும். அங்கே, ஒரு வாகனம் மட்டுமே போகக்கூடிய ஊர்ப்பாதைகளில், எல்லோரும் இப்படித்தானாம். தபால்காரர், பால் லொறி ஓட்டுபவர், பாதிரியார், ஆட்டுக்காரர். தெரிந்தவருக்கா தெரியாதவருக்கா என்று யாரும் பார்ப்பதில்லை.

மாமி வந்து இறங்கிய நாள் நானும் விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். அப்போது நான் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். மாமா காரை ஓட்டினார், மாமி பக்கத்தில், நான் பின்னால். நெடுஞ்சாலையில் ஏறியதும் மாமியின் மடியில் இருந்த கையிலிருந்து விரல் எழும்புவதும் இறங்குவதுமாக இருந்தது. நடுவில் தடுப்புச் சுவர், அதற்கு அப்பால் மூன்று வரிசை வாகனங்கள்.

"ஆருக்குக் காட்டுறீர்?" என்றார் மாமா.

"வாறவங்களுக்கு."

"அவங்களை உமக்குத் தெரியுமோ?"

"தெரியாது. தெரிஞ்சா வீட்ட போய்க் கதைக்கலாமே."

மாமா மறுபடி ரோட்டைப் பார்த்து ஓட்டினார். கொஞ்ச நேரத்தில் மாமிதான் களைத்துப்போய் விரலை மடக்கினார். "இது ரோட்டில்ல மகள், ஓடுற ஆறு," என்று என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

மாமி அயர்லாந்துக்குப் போனது முதியோர் இல்லத்தில் வேலைக்கு. அங்கே கட்டிலில் கிடந்தவர்கள், தாங்கள் இனிப் பார்க்கப்போகாத வயல்களையும் கல்வேலிகளையும் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார்களாம். எந்த வேலியை யார் கட்டினது, எந்தக் கிணற்றடியில் யார் யாரைச் சந்தித்தது. மாமி தன் ஓய்வு நாட்களில் அந்த இடங்களைப் போய்ப் பார்த்து, திரும்பி வந்து அவர்களிடம், வேலி இன்னும் நிற்கிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்வார். விருந்தினர் விடுதி நடத்தும் ஒரு விதவை இதைக் கேள்விப்பட்டுத் தன் வானை மாமியிடம் கொடுத்தார். விளம்பரத்தில் 'உள்ளூர் வழிகாட்டியுடன்' என்று இருந்தது.

"ஒரு நாள் ஒரு அமெரிக்காக்காரி வானுக்க ஏறி இரிந்துகொண்டு கேக்கிறா, உள்ளூர் வழிகாட்டி எப்ப வருவார் எண்டு," என்று மாமி சொல்வார். "வாயத் தொறக்காம வான எடுத்தன். ஒரு மைல் போகல்ல. எதிர்ல டிரக்டர், விரலத் தூக்கினான். தபால் வான், அவனும் தூக்கினான். சைக்கிள்ல பாதிரியார், அவரும் தூக்கினார். பேந்து அந்த மனிசி கேக்கவேயில்ல."

மாமியின் கணக்கில் உள்ளூர்க்காரர் என்பதற்கு அது ஒன்றுதான் அத்தாட்சி. பியர்பொன்ட்ஸுக்கு வந்த புதிதில் மாமாவிடம் அதைக் கேட்டும்விட்டார்.

"இவ்வளவு காலம் இஞ்ச இரிக்கிறீங்க. இந்த ரோட்டில உங்கள ஆருக்குத் தெரியும்?"

"ஏன் தெரியோணும்? நான் ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்கிறேல்லை, எனக்கும் ஒருத்தரும் தாறேல்லை."

"அது சரி," என்றார் மாமி. அவர் அது சரி என்று சொன்னால் அது சரியில்லை என்று பொருள். மாமாவுக்கு அது பிடிபட நாளாகியது.

மாமாவைப் பற்றித் தவறாக நினைத்துவிடக் கூடாது. விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை, பேச்சுக் குறைவு. மாமி இங்கே ஒரு பழைய வான் வாங்கியபோது குளிர்கால டயர்களை அவரே மாற்றினார். அவருடைய வேலை விடியுமுன் தொடங்கும். புறப்படுவதற்கு முன் வானின் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டி, மாமி எழும்பும்போது ஏறிப் போகத் தயாராக வைத்துவிட்டுத்தான் போவார். ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. நான் இதை மாமியிடம் எடுத்துச் சொன்னேன்.

"தெரியும் மகள். தங்கமான மனிசன். ஆனா அது நான் நித்திரையா இரிக்கக்குள்ள நடக்கிற."

மாமி மாலையில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போவார். அவர் போகிற நேரமும் மாமா வேலை முடிந்து வருகிற நேரமும் ஒன்று. ஒரே பெருஞ்சாலையில் எதிரெதிராக வருவார்கள். மாமி மாமாவின் சாம்பல் நிறக் காரைத் தூரத்திலேயே கண்டுவிடுவார், விரலை உயர்த்துவார். மாமா இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி நேராகப் போய்விடுவார்.

"இண்டைக்கும் கண்டன் உங்கள," என்பார் மாமி வீட்டில்.

"எங்க?"

"எதிர்ல வந்தீங்க."

"நான் ரோட்டைப் பாத்தெல்லோ ஓடுறனான்."

இது எங்கள் குடும்பத்தில் சிரிப்புக்குரிய கதையாக நெடுநாள் இருந்தது. அம்மா யாருக்காவது சொல்லிச் சிரிப்பார். மாமியும் கூடச் சிரிப்பார். மூன்றாவது குளிர்காலத்தில் மாமி அதற்குச் சிரிப்பதை நிறுத்தியதை நான் கவனித்தேன்.

அதற்கு முன் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வாகனத் தரிப்பிடத்தில் நடந்தது.

நானும் மாமியும் சாமான் வாங்கப் போனோம். மாமி வானை நிறுத்தியதும் பின்னாலேயே ஒரு பிக்கப் டிரக் வந்து குறுக்கே நின்றது. ஒரு பெரிய மனிதர் இறங்கி வந்து கண்ணாடியில் தட்டினார். கோபத்தில் காது சிவந்திருந்தது. பிரெஞ்சில் படபடவென்று பேசினார். மாமிக்குப் பிரெஞ்சு தெரியாது.

"என்னவாம் மகள்?"

"நீங்கள் அவருக்கு விரலைக் காட்டினீங்களாம். கெட்ட விரலை, நடுவிரலை."

மாமி தன் கையைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை இறக்கி, அதே ஆட்காட்டி விரலை அவருடைய முகத்துக்கு நேரே உயர்த்திக் காட்டினார். "இந்த விரலயா எண்டு கேளு."

நான் விரைவாகப் பிரெஞ்சில் விளக்கினேன். இது மரியாதை, இவர் அயர்லாந்தில் இருந்தவர், அங்கே கிராமத்தில் எல்லோரும் செய்வது. அவர் கம்பளித் தொப்பி போட்ட மட்டக்களப்பு மாமியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அயர்லாந்திலிருந்தா என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வேலைச் சட்டையின் பையில் தைத்திருந்த தன் பெயரைத் தொட்டுக் காட்டினார். சுத்தமான அயர்லாந்துக் குடும்பப் பெயர். ஆங்கிலம் அவருக்கு ஒரு வாக்கியம்கூட வரவில்லை. தன் தாத்தாவின் ஊர் வடக்கே இருக்கிறது, அங்கே ஒரு மண்பாதையில் கிழவர்கள் இன்னும் இப்படித்தான் செய்வார்கள், தான் மறந்துபோய்விட்டதாகச் சொன்னார். வழியும் சொன்னார்.

அடுத்த ஞாயிறு நானும் மாமியும் போனோம். லாவால் நகரைத் தாண்டி, ஆறுகளைத் தாண்டி, நெடுஞ்சாலை முடிந்து, வீடுகள் முடிந்து, வயல்கள். கற்களைப் பொறுக்கி அடுக்கிய தாழ்ந்த வேலிகள். ஒரு சின்ன மரத் தேவாலயம். மண்பாதையின் மேட்டில் ஒரு பச்சை டிரக்டர் தெரிந்தது. மாமியின் விரல் எழும்பியது. டிரக்டரில் இருந்த கிழவர் தன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தினார். முகம் திரும்பவில்லை, சிரிப்பு இல்லை. கடந்து போய்விட்டார்.

மாமி வானை ஓரத்தில் நிறுத்தினார்.

"கண்டயா?"

"ஓம் மாமி."

"நல்லாக் கண்டயா?"

"கண்டனான் மாமி."

அவர் இறங்கி வேலியடியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். நான் வானுக்குள்ளேயே இருந்தேன்.

அந்தக் கோடையிலேயே மாமி ஞாயிற்றுக்கிழமைப் பயணங்களைத் தொடங்கினார். ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில் காலையில் ஆட்களை ஏற்றுவோம். பெரும்பாலும் எங்கள் ஆட்கள், பெற்றோர், பிள்ளைகள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். பிரெஞ்சுக்கு நான். எங்கே போகிறோம் என்று கேட்டால் மாமி ஊரின் பெயரைச் சொல்ல மாட்டார். "பேர் சொன்னா போன்ல பாத்திட்டுப் பாத்தாச்சு எண்டு சொல்லுவீங்க," என்பார்.

எங்கள் ஆட்களுக்கு வேறு எதிர்பார்ப்பு. நீர்வீழ்ச்சி இருக்குமா, படம் எடுக்க இடம் இருக்குமா, திரும்பும் வழியில் கடைத்தொகுதி ஒன்றில் நிறுத்துவீர்களா. வான் ஆற்றைக் கடக்குமுன் பின் இருக்கையில் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் மணக்கத் தொடங்கும். மாமி கண்ணாடியில் பார்ப்பார். "கதை முடியாம சாப்பாடு இல்ல. அங்க இதுதான் சட்டம்."

"எந்த நாட்டுச் சட்டம் தங்கச்சி?" என்று கேட்டார் ஒரு ஐயா. யாழ்ப்பாணத்தில் தபால் அதிபராக இருந்தவர்.

"என்ர வான்ட சட்டம் ஐயா."

தேவாலயத்துக்குப் பின்னால் கல்லறைகள். அங்கே போனதும் அந்த ஐயா சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதில பாக்கிறதுக்கு என்ன கிடக்கு? கல்லெல்லோ."

"கல்லப் பாக்கத்தான் வந்த நாம."

மாமி ஒரு கல்லின் முன்னால் எல்லோரையும் நிறுத்தினார். எழுத்துகள் பாதி தேய்ந்திருந்தன. பிறந்த இடம் கிளேர் என்பது மட்டும் தெளிவாக இருந்தது. தன் வான் ஓடிய பாதைக்குப் பக்கத்திலிருந்து போன மனிதர் இவர் என்றார். உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்து, சாப்பிட எதுவும் இல்லாமல் கப்பலேறியவர்கள். பல பேர் கடலில் முடிந்தார்கள், மிச்சப் பேர் இந்தக் கல்லைப் பொறுக்கி வயலாக்கினார்கள்.

ஐயா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "பிறகு பிள்ளையள்?"

"இஞ்சதான் இரிக்காங்க. அந்தா வாறாங்க."

பாதையில் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் சைக்கிளில் போனார்கள், பிரெஞ்சில் ஏதோ சண்டை பிடித்துக்கொண்டு. எங்கள் ஆட்கள் திரும்பி அவர்களையே பார்த்தார்கள். ஐயாவின் பேரன், சாப்பாடு எப்போது என்று பிரெஞ்சில் கேட்டான். ஐயா என்னைப் பார்த்தார். "என்னவாம்?" நான் தமிழில் சொன்னேன். "குடு பிள்ளை, குடு," என்றார்.

திரும்பும்போது டிரக்டர் வந்தது. மாமி விரலை உயர்த்தினார், கிழவர் உயர்த்தினார். வானுக்குள் இருந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு விரலை உயர்த்தினார்கள். ஐயா இரண்டு விரல்களை உயர்த்தியதாக அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன்.

மாமா ஒரு பயணத்துக்கும் வரவில்லை. ஞாயிறு அவருக்கு நித்திரைக்கும் கூரைக்கும் புல்லுக்கும். மாமி இரண்டு கோடைகளும் கேட்டார். "பேந்து பாப்பம்," என்பார் மாமா.

மூன்றாவது வசந்தத்தில் பனி உருகி நாங்கள் முதல் தரம் போனபோது மேட்டில் டிரக்டர் இல்லை. வீட்டு வாசலில் விற்பனைப் பலகை இருந்தது. கிழவர் குளிர்காலத்தில் இறந்துபோய்விட்டார் என்று தேவாலயத்தில் கேட்டு அறிந்தேன். மாமி பயணங்களை நிறுத்தவில்லை. கதைகளைச் சொன்னார், சட்டத்தைக் காத்தார், அந்த மேடு வந்ததும் விரலை உயர்த்தினார். எதிரே மண் ஏற்றிய லொறிகள் வந்தன. இலைகள் உதிரும் காலத்தில் ஒரு நாள் அந்த மேட்டில் அவருடைய விரல் எழும்பவில்லை. நான் முன் இருக்கையில் இருந்தேன்.

அந்தக் குளிர்காலம் அயர்லாந்திலிருந்து அந்த விதவை அழைத்தார். வரும் சீசனுக்கு ஓட்ட ஆள் இல்லை.

மாமாவின் சாப்பாட்டு மேசையில் அது பேசப்பட்டபோது நானும் இருந்தேன். மாமி தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"ரெண்டு பேரும் போவமா?"

"நான் எப்பிடி வாறது? எனக்கு எல்லாம் இஞ்சதானே கிடக்கு."

"என்ன இரிக்கு?"

மாமா யோசித்தார். "வீடு. பென்ஷன். டொக்டர். கார்."

"அது சரி," என்றார் மாமி.

இந்தத் தடவை அதன் பொருள் மாமாவுக்குத் தெரிந்தது. முகத்தைப் பார்த்தபோது எனக்கு அது விளங்கியது. ஆனாலும் அவர் குழம்பை எடுத்துச் சோற்றில் ஊற்றிக்கொண்டார். "ஒரு சீசன்தானே. போட்டு வாரும்," என்றார்.

விமான நிலையத்தில், பரிசோதனைக்குப் போகும் கதவடியில், மாமி பெட்டியின் கைப்பிடியிலிருந்து ஒரு விரலை உயர்த்தினார். நான் உயர்த்தினேன். மாமாவின் இரண்டு கைகளும் ஜாக்கெட் பைகளுக்குள் இருந்தன.

சீசன் முடிந்தது. ஆடுகள் மலையிலிருந்து இறங்கும் காலம் முடியட்டும் என்றார் மாமி. பிறகு ஈஸ்டர் வருகிறது என்றார். சண்டையோ கடுஞ்சொல்லோ இல்லை. ஞாயிறுகளில் அழைப்பார். மாமா காலநிலையைக் கேட்பார், மாமி காலநிலையைச் சொல்வார். மாமா இன்னமும் விடியுமுன் எழும்பி வாசலில் நிற்கும் வானின் கண்ணாடியில் பனியைச் சுரண்டுகிறார். ஓட்ட ஆள் இல்லாத வான். அம்மா அதை ஒரு தரம் கண்டுவிட்டு வந்து, அதை யாருக்கும் சொல்லிச் சிரிக்கவில்லை.

நான் இப்போது சாலைச் சந்திப்புகளில் சமிக்ஞை விளக்குகளுக்கு நேரம் கணிக்கும் பொறியியலாளராக இருக்கிறேன். எதிரெதிர்த் திசைகளில் வரும் வாகனங்கள் முட்டாமல் கடந்துபோக வைப்பது என் தொழில். வேலை முடிந்து நோத்ர-டாம்-த-கிரேஸில் என் குடியிருப்புக்குத் திரும்பும்போது, சில நாட்களில், என் விரல் தன்பாட்டில் எழும்பும். யாரும் பதில் தருவதில்லை. முன் இருக்கையில் பக்கத்தில் மாமி இல்லாதது அந்த நேரத்தில்தான் தெரியும்.

போன மாதம் மாமா என் வீட்டுக்கு வந்தார். சொல்லாமல் வருகிறவர் இல்லை. சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"பிள்ளை, ஒரு கணக்குப் பாத்துச் சொல்லோணும்."

"என்ன கணக்கு மாமா?"

"மாமியின்ர வான் எத்தனை மணிக்கு எங்க நிக்கும் எண்டு."

அந்த விடுதியின் இணையப் பக்கத்தில் பயண ஒழுங்கு இருக்கிறது. கடற்கரைப் பாதை, பாறை நிலம், புனிதக் கிணறு, ஒரு ஊரில் சூப்பும் ரொட்டியும், திரும்பல். கிணற்றடியில் ஒரு முள்மரம், வேண்டுதலுக்கு ஆட்கள் துணி கட்டுவார்கள். மாமாவைக் கட்டுவதா வேண்டாமா என்று மாமி துணி கட்டியதும் அந்த மரத்தில்தான்.

"வானில சீட் எடுப்பமா மாமா? முன் சீட் கேப்பம்."

"இல்லை. நான் கார் எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்தால வரப்போறன்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் சப்பாத்தைப் பார்த்தபடி சொன்னார். "எதிர்ல வந்தால்தானே தூக்கலாம்."

வரைபடத்தை விரித்தோம். கிணற்றுக்குப் பிந்திய பாதைதான் சரியான இடம் என்று கணித்தேன். அங்கே வளைவு இல்லை, தூரத்திலேயே ஒருவரை ஒருவர் காணலாம். இடப்பக்கம் ஓட வேண்டும் என்று நினைவூட்டினேன். ஊரில் சைக்கிள் ஓடியது இடப்பக்கம்தானே என்றார். எதிரே வருகிற எல்லோருக்கும் தூக்க வேண்டும், மாமிக்கு மட்டும் தூக்கினால் அவர் கண்டுபிடித்துவிடுவார் என்றேன். இரண்டு கிழமையாகப் பழகுகிறேன் என்றார். பெருஞ்சாலையில் ஒருவன் ஹோர்ன் அடித்தானாம்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. அதை அவருக்குச் சொல்ல வேண்டியது என் கடமை.

"மாமா, அந்த ரோட்டில ஒரு வாகனம்தான் போகலாம். எதிர்ல வந்தா ஒரு ஆள் பின்னுக்கு எடுத்து வழிவிடோணும். கல்வேலிக்கு நடுவில, நிறையத் தூரம்."

மாமா வரைபடத்தைப் பார்த்தார்.

"நான் எடுக்கிறன்," என்றார்.

இப்போது நிலவரம் இதுதான். மாமாவின் விமானம் வருகிற வியாழக்கிழமை. வாடகைக் கார் பதிவாகிவிட்டது. திரும்பி வரும் டிக்கெட் எடுக்கவில்லை. மாமிக்கு எதுவும் தெரியாது. மாமாவின் வாசலில் நிற்கும் வானின் திறப்புச் சாவி என்னிடம் இருக்கிறது.